வகுப்பறையில் மனச்சாட்சி: ஒரு வரலாற்றுப் பார்வை

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது சிங்கவரத்தைப் பற்றி ஒரு கட்டுரை. "சார், நீங்கதான் அந்த ஊர்க்காரர். ரங்கநாதர் கோயில், தேசிங்கு ராஜா எல்லாம் வர்ற மாதிரி நாலு பக்கம் எழுதிக் கொடுங்க" என்றார்கள். சரி என்று பேனாவை எடுத்தேன். எழுத எழுத மனம் எங்கள் ஊர்க் குன்றிலிருந்து இறங்கி, நேராக வகுப்பறைக்குள் போய் உட்கார்ந்து கொண்டது. எப்படிப் போயிற்று என்பதைச் சொல்லி விடுகிறேன். பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

குன்றுகள் சொல்லும் கதை

சிங்கவரம் மலையைக் குடைந்து செய்த கோயிலில் பள்ளிகொண்டிருக்கும் ரங்கநாதரை நம்மில் பலர் சேவித்திருப்பீர்கள். பல்லவர் காலத்துக் குடைவரை. தேசிங்கு ராஜன் 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதப் புறப்பட்டபோது, "போகாதே" என்று சொல்வது போல் பெருமாள் முகத்தைத் திருப்பிக் கொண்டார் என்பது எங்கள் ஊர்ப் பாட்டிமார் சொல்லும் கதை. அதே கதையில் ராஜனின் உயிர்த் தோழன் ஒரு முஸ்லிம். ரங்கநாதரைக் கும்பிட்ட ராஜனுக்காக அவனும் சண்டைக்குப் போய் உயிரைக் கொடுத்தான். கோட்டை அடிவாரத்தில் வெங்கடரமணர் கோயிலும் இருக்கிறது, சாதத்துல்லா கான் பெயரில் மசூதியும் இருக்கிறது.

செஞ்சியிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் வழியில் இன்னொரு குன்று உண்டு. திருநாதர்குன்று. அங்கே ஒரு பெரிய பாறையில் 24 தீர்த்தங்கரர்களை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு கல்வெட்டு. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி என்ற சமணப் பெரியவரின் நினைவிடம் அது என்று சொல்கிறது. சுமார் 1500 ஆண்டு பழையது. பழைய தமிழி எழுத்து வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலம். அந்தக் கல்வெட்டு அவரைக் குறிப்பிடும் சொல் என்ன தெரியுமா? 'ஆசிரிகர்'. அதாவது ஆசிரியர்! எங்கள் ஊர்ப் பக்கம் கல்லில் பெயர் பொறிக்கப்பட்ட ஆதி ஆசிரியர் ஒரு சமணர். வரலாறு படித்து வாத்தியார் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு அந்தக் கல்லின் மேல் தனிப் பாசம்.

இதையெல்லாம் சொல்லி "பாருங்கள், எல்லா மதமும் இங்கே சகோதரர்களாக வாழ்ந்தன" என்று முடித்துவிட்டால் கட்டுரை சுலபம். ஆனால் வரலாறு அவ்வளவு சுலபமாக விடாது. டபிள்யூ. பிரான்சிஸ் எழுதி 1906இல் வெளிவந்த தென்னாற்காடு மாவட்டக் கெஜட்டியரில் சமணர் மரபுக் கதை ஒன்று வருகிறது. 1478இல் செஞ்சியை ஆண்ட ஒரு நாயக்கர், சமணர்கள் தம்மை அவமானப்படுத்திவிட்டார்கள் என்று கோபம் கொண்டு அவர்களைக் கொல்ல ஆணையிட்டாராம். பலர் ஓடிப் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு, வீட்டுக்குள் மட்டும் ரகசியமாகத் தங்கள் சமயத்தைக் காப்பாற்றினார்கள். அப்படி இருந்தவர்களில் ஒருவர் குளக்கரையில் பிடிபட்டு, ராஜாவுக்குப் பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் உயிர் தப்பி, சிரவணபெளகொளா போய்ப் படித்துத் திரும்பி வந்து தம் மக்களை மீண்டும் ஒன்று சேர்த்தார் என்று கதை போகிறது. இன்றும் செஞ்சி வட்டாரத்து மேல்சித்தாமூரில்தான் தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கிறது.

கதையில் எவ்வளவு நிஜம், எவ்வளவு கற்பனை என்பது ஆராய்ச்சியாளர் வேலை. என் மனதில் தைத்தது அந்தத் திருநீறுதான். நம்பிக்கையோடு பூசினால் அது புனிதம். பயந்து பூசினால்? நெற்றி பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ளே இருக்கும் மனசு வேறு.

ஒரு சரஸ்வதி பூஜை

இந்த இடத்தில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் கல்லூரியில் படித்து முடித்து, வேறோர் ஊரில் அரசுக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளராகச் சேர்ந்த புதிது. சரஸ்வதி பூஜை வந்தது. துறை அறையைக் கழுவி, மாவிலை கட்டி, பொரிகடலை, சுண்டல் எல்லாம் தயார். மாணவர்களிடம் தலைக்கு இரண்டு ரூபாய் வசூல். பூஜைத் தட்டு என் கையில். ஒவ்வொருவராக வந்து தீபத்தைத் தொட்டுக் கும்பிட்டுக் குங்குமம் வைத்துக் கொண்டார்கள்.

கடைசி வரிசையில் ஒரு மாணவி மட்டும் நகரவில்லை. கிறிஸ்தவப் பெண். நான் சிரித்துக்கொண்டேதான் கூப்பிட்டேன். "என்னம்மா, சும்மா ஒரு பொட்டுதானே? கட்டாயம் ஒண்ணும் இல்ல. ஆனா எல்லாரும் வச்சுக்கிறாங்க பாரு." எழுந்து வந்தாள். வைத்துக் கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தபோது குழாயடியில் நின்று நெற்றியைக் கழுவிக் கொண்டிருந்தாள். அழுதிருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து நோட்டுப் புத்தகம் கொடுக்க வந்தவள், தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "சார், அன்னைக்கு நான் வேண்டாம்னு சொல்லியிருந்தா என்ன சார் பண்ணியிருப்பீங்க?"

"ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டேம்மா" என்றேன். அது உண்மையும்கூட.

"அது எனக்குத் தெரியாதே சார்" என்றாள்.

வருகைப் பதிவேடு என் கையில். கான்டக்ட் சர்டிபிகேட்டுக்கு எங்கள் கையெழுத்துதான் வேண்டும். நான் நல்லவனா, பழிவாங்குபவனா என்பது எனக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்? அரசு அலுவலகங்களில் உள்ள சாமி படங்களைப் படிப்படியாக அகற்றும்படி 1968இலேயே, அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சுற்றறிக்கை போயிருந்தது. அரசு என்பது எல்லாருக்கும் பொது என்பதே அதன் உட்கருத்து. வகுப்பில் பாடம் நடத்திய எனக்கு அது தெரியாமலா இருக்கும்! ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே.

அந்தப் பெண்ணின் ஒரு வாக்கியம்தான் பிறகு என்னைப் பழைய நூல்களைத் தேட வைத்தது. தேடிப் பார்த்தால், இதே கேள்வி நம் சென்னை மாகாணத்தில் முதல் அரசுக் கல்லூரி முளைவிட்ட காலத்திலேயே எழுந்து, பெரிய போராட்டமாக நடந்திருக்கிறது!

எழுபதாயிரம் கையெழுத்து

1839இல் சென்னைவாசிகள் சுமார் 70,000 பேர் கையெழுத்திட்டு, ஆங்கிலக் கல்வி தரும் உயர்நிலைக் கல்விக்கூடம் வேண்டும் என்று கவர்னர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் மனுக் கொடுத்தார்கள். முன்னின்று உதவியவர் அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன். அதன் பயனாக 1841இல் எழும்பூரில் அரசு உயர்பள்ளி திறக்கப்பட்டது. தலைமையாசிரியர் ஈ. பி. பவல். பின்னாளில் திவானாகப் புகழ்பெற்ற டி. மாதவராவ் அங்கே படித்தவர்தான். அந்தப் பள்ளியே 1855இல் மாநிலக் கல்லூரி ஆயிற்று. பிரசிடென்சி காலேஜ் என்றால் நம் மாணவர்களுக்குச் சட்டென்று புரியும்.

அப்போது கிறிஸ்தவ மிஷன்களும் பள்ளிகள் நடத்தின. 1837இல் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளி அவற்றில் முக்கியமானது. இன்றைய சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வேர் அதுவே. 1841இல் அங்கு படித்த மாணவர் சிலர் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஊரே கலங்கிப் போய்ப் பெற்றோர்கள் பிள்ளைகளைப் பள்ளியை விட்டு நிறுத்தினார்கள். மறு வருஷம், 1842இல், வள்ளல் பச்சையப்ப முதலியார் விட்டுச் சென்ற அறநிதியிலிருந்து பச்சையப்பன் பள்ளி பிறந்தது. இதற்கும் நார்ட்டனின் முயற்சி துணை நின்றது.

ஆக, மிஷன் பள்ளியில் பைபிள் உண்டு. போகிறவர்கள் தெரிந்துதான் போனார்கள். அரசுப் பள்ளி அப்படி இல்லை, எல்லாருக்கும் பொது என்ற நம்பிக்கை மக்களுக்கு இருந்தது. அந்த நம்பிக்கைக்கு 1846இல் சோதனை வந்தது.

'விருப்பம்' என்ற சொல்

அப்போது கவர்னர் ட்வீட்டேல் பிரபு. அரசுப் பள்ளிகளில் பைபிளைப் பாடப் புத்தகமாக வைக்கலாம் என்று அவர் குறிப்பு எழுதினார். நேர்மையான உத்தியோகஸ்தர் கிடைக்க வேண்டுமானால் வெறும் கணக்கும் ஆங்கிலமும் போதாது, ஒழுக்கம் வேண்டும், அந்த ஒழுக்கத்தின் ஊற்று பைபிள் என்பது அவர் வாதம். அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். யாரையும் கட்டாயப்படுத்துவதும் திட்டமில்லை. பைபிள் வகுப்புக்கு வருவதும் வராததும் மாணவனின் விருப்பம் என்றுதான் யோசனை.

விருப்பம்! "கட்டாயம் ஒண்ணும் இல்ல, ஆனா எல்லாரும் வச்சுக்கிறாங்க பாரு" என்று நான் சொன்னேனே, அதே சங்கதிதான்.

அன்றைய நிலையை எண்ணிப் பாருங்கள். அரசுப் பள்ளியில் படிப்பவன் எதற்குப் படிக்கிறான்? சர்க்கார் உத்தியோகத்துக்கு. உத்தியோகம் கொடுப்பது யார்? அதே சர்க்கார். பைபிள் வகுப்புக்கு வராதவன் யார் யார் என்று ஆசிரியருக்குத் தெரியும். இந்த நிலையில் அவனுக்கு வரும் சந்தேகம், அந்த மாணவி என்னிடம் சொன்ன அதே சந்தேகம்: என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதே சார்!

சென்னைக் குடிமக்கள் இதைப் புரிந்து கொண்டார்கள். காஜுலு லட்சுமிநரசு செட்டியார் என்ற வணிகர் 1844இல் 'கிரசென்ட்' என்ற பத்திரிகையைத் தொடங்கி இத்தகைய விஷயங்களை எழுதி வந்தார். 1846 அக்டோபரில் அவர் தலைமையில் கூட்டம் கூடி, லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்களுக்கு விண்ணப்பம் போயிற்று. 1847இல் பதில் வந்தது. கவர்னரின் யோசனையை இயக்குநர்கள் ஏற்கவில்லை. அரசுப் பள்ளியில் பைபிள் வகுப்பு வேண்டாம் என்று சொல்லி விட்டார்கள். இதே செட்டியார்தான் 1852இல் சென்னை சுதேசி சங்கம் என்ற அமைப்பை உருவாக்கினார். நம் மாகாணத்தின் ஆரம்ப அரசியல் சங்கம் அது. வகுப்பறையில் தொடங்கிய கேள்வி அரசியல் விழிப்புக்கும் ஒரு படிக்கட்டாக இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

நூலகத்தில் வைத்த புத்தகம்

1854இல் வந்த சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை இதை இன்னும் தெளிவாக்கியது. அரசுக் கல்வி நிலையங்கள் எல்லா மக்களுக்குமாக ஏற்பட்டவை. ஆகவே அங்கே தரும் கல்வி சமயம் சாராததாகவே இருக்க வேண்டும். அதே சமயம் பைபிள் நூலகத்தில் இருக்கலாம். விரும்புகிற மாணவன் எடுத்துப் படிக்கலாம். அவனாக வந்து சந்தேகம் கேட்டால், பள்ளி நேரம் முடிந்த பிறகு ஆசிரியர் விளக்கம் சொல்லலாம்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது. புத்தகத்தைத் தடை செய்யவில்லை. ஆசிரியரின் நம்பிக்கையைப் பறிக்கவில்லை. மாணவனின் ஆர்வத்தையும் அடக்கவில்லை. புத்தகத்தை மேஜையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தார்கள். ஆசிரியர் நீட்டினால் மாணவன் மறுக்க முடியாது. அலமாரியிலிருந்து மாணவனே எடுத்தால் அது அவன் சுதந்திரம். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் எவ்வளவு பெரிய வித்தியாசம்!

நம் பக்கத்துக் குறைகள்

எல்லாப் பெருமையையும் நம் முன்னோருக்கே கொடுத்துவிட்டால் அது வரலாறு ஆகாது. 1838இல் ஆண்டர்சன் பள்ளியில் தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பையன்களும் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று தெரிந்ததும், அவர்களை வெளியே அனுப்பச் சொல்லி உயர்சாதியினர் கூச்சல் போட்டார்கள். ஆண்டர்சன் மறுத்து விட்டார். மனச்சாட்சி உரிமை பேசிய சமூகமேதான் அந்தப் பையன்களுக்குப் பெஞ்சில் இடம் தர மறுத்தது. பச்சையப்பன் கல்லூரியிலும் 1947 வரை இந்துக்களுக்கு மட்டுமே இடம் கிடைத்தது. "என் நம்பிக்கையில் கை வைக்காதே" என்று கேட்பது ஒன்று. "அவன் என் பக்கத்தில் உட்காரக் கூடாது" என்று கேட்பது வேறொன்று. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி வந்திருக்கிறோம்.

இன்னொரு பிரச்சினையும் நெடுநாள் தொங்கியது. அரசாங்கப் பள்ளியில் சமய போதனை கிடையாது, சரி. அரசு மானியம் வாங்கும் மிஷன் பள்ளியில்? ஊரில் இருப்பது அந்த ஒரே பள்ளி என்றால், வேறு சமயத்துப் பிள்ளை பைபிள் வகுப்பில் உட்கார்ந்தே ஆக வேண்டுமா? இங்கிலாந்தில் 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திலேயே, பெற்றோர் விரும்பினால் பிள்ளையைச் சமய வகுப்பிலிருந்து விலக்கிக் கொள்ளலாம் என்ற விதி வந்துவிட்டது. இங்கே அது வரவில்லை. 1910களில் வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார் இந்த 'மனச்சாட்சி விதி' இந்தியப் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்று எழுதினார், வாதாடினார். அவரும் ஒரு காலத்தில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர்தான்.

அரசியல் சட்டம் சொன்னது

1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு இந்த நூறாண்டு விவாதத்தின் பலன். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் சமய போதனை கூடாது. அரசு நிர்வகித்தாலும், சமய போதனை வேண்டும் என்ற நிபந்தனையோடு ஏற்பட்ட அறக்கட்டளை நிலையங்களுக்கு மட்டும் விலக்கு. அரசு அங்கீகாரமோ மானியமோ பெறும் நிலையங்களில், மாணவனின் சம்மதம் இல்லாமல் சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்து கொள்ள வைக்கக் கூடாது. மைனராக இருந்தால் காப்பாளரின் சம்மதம் வேண்டும். செட்டியார் கேட்டதும் சாஸ்திரியார் கேட்டதும் ஒரே பிரிவுக்குள் வந்து விட்டன!

அப்படியானால் தேவாரம் நடத்தக் கூடாதா? சீறாப்புராணம் நடத்தக் கூடாதா? இப்படி ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. இதற்குப் பதிலாக உ. வே. சாமிநாதையரைச் சொல்வேன். திருவாவடுதுறை சைவ மடத்தில் தமிழ் படித்தவர். 1880இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். சேலம் இராமசாமி முதலியார் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தார். அது சமண காவியம். சமணக் கொள்கை தெரியாமல் உரை விளங்கவில்லை. என்ன செய்தார்? கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய், மாணவனாக உட்கார்ந்து பாடம் கேட்டார். 1887இல் நூல் அச்சாகி வந்தது. அதற்காக அவர் சமணராகவும் ஆகவில்லை. அவர் சைவப் பற்றும் குறையவில்லை. பின்னர் 1903இல் அவர் போய்ச் சேர்ந்த இடம் அதே மாநிலக் கல்லூரி.

சமயத்தைப் பற்றிப் படிப்பது வேறு, சமயத்தை ஏற்கச் சொல்வது வேறு. உச்ச நீதிமன்றமும் இதையே சொல்லியிருக்கிறது. குருநானக் பல்கலைக்கழகத்தில் குருநானக்கின் வாழ்க்கையையும் உபதேசங்களையும் ஆராய்வது சமய போதனை ஆகாது என்று 1971இல் டி.ஏ.வி. கல்லூரி வழக்கில் தீர்ப்பு வந்தது. சமயங்களைப் பற்றிப் பாடத்திட்டத்தில் வைப்பதை 28ஆம் பிரிவு தடுக்கவில்லை என்று 2002இல் அருணா ராய் வழக்கிலும் சொன்னார்கள். நம் தமிழ் வகுப்பில் இஸ்லாமிய மாணவர் ஆண்டாளைப் படிக்கிறார், இந்து மாணவர் உமறுப் புலவரையும் வீரமாமுனிவரையும் படிக்கிறார். பரீட்சையில் நயம் எழுதச் சொல்கிறோம். நம்புகிறாயா என்று கேட்பதில்லை. அந்தக் கோட்டைத் தாண்டாத வரை அது கல்வி.

பாடாத மூன்று பிள்ளைகள்

இதுவரை சொன்னதெல்லாம் அரசும் ஆசிரியரும் மாணவன் மேல் எதையும் திணிக்கக் கூடாது என்ற பாதி. மறுபாதி இன்னும் கஷ்டமானது. மாணவன் தன் நம்பிக்கையைத் தன்னோடு கொண்டு வருகிறானே, அதற்கு வகுப்பறையில் எவ்வளவு இடம்?

1985இல் கேரளத்தில், கோட்டயம் மாவட்டத்துக் கிடங்கூரில் நடந்தது. யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் மூன்று பிள்ளைகள். காலையில் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள். ஆனால் பாட மாட்டார்கள். எங்கள் ஜெபத்தைக் கடவுளுக்கு மட்டுமே செலுத்துவோம் என்பது அவர்கள் நம்பிக்கை. வருஷக் கணக்காக யாருக்கும் தொந்தரவில்லை. திடீரென்று ஒரு சட்டமன்ற உறுப்பினர் கேள்வி எழுப்ப, பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் கைவிட்டது. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் சின்னப்ப ரெட்டி, எம். எம். தத் இருவரும், அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொல்லித் தீர்ப்பளித்தார்கள். எழுந்து நின்றதே மரியாதைதான். பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மௌனமாக இருப்பதற்கும் உரிமை உண்டு என்றார்கள். சகிப்புத்தன்மை நம் மரபு, அதை நீர்த்துப் போக விடாதீர்கள் என்ற கருத்தோடு அந்தத் தீர்ப்பு முடிகிறது. அமெரிக்காவிலும் 1943இல், அதே சபைப் பிள்ளைகள் கொடிவணக்கம் செய்ய மறுத்த வழக்கில், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் பக்கமே நின்றது.

இந்தத் தீர்ப்பை நான் முழுசாகப் படித்தது அந்தச் சரஸ்வதி பூஜைக்குப் பிறகுதான். முன்னாலேயே படித்திருக்கலாம்.

இன்னும் முடியாத வழக்கு

2021 டிசம்பரில் கர்நாடகத்தின் உடுப்பி அரசு மகளிர் பி.யூ. கல்லூரியில் முக்காடு அணிந்து வந்த சில மாணவிகள் வகுப்பில் அனுமதிக்கப்படவில்லை. 2022 பிப்ரவரியில் சீருடை பற்றி அரசாணை வந்தது. காவித் துண்டு அணிந்த மாணவர்கள் எதிரே நிற்க, மாநிலமே கொந்தளித்தது. மார்ச் 15 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் அரசாணை சரியே என்றது. அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் இரு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். மதச் சார்பற்ற பள்ளியில் சீருடை எல்லாருக்கும் ஒன்றே என்பது நீதிபதி ஹேமந்த் குப்தாவின் கருத்து. இது அந்தப் பெண்ணின் விருப்பம், அவள் படிப்பு தடைபடக் கூடாது என்பது நீதிபதி சுதான்ஷு துலியாவின் கருத்து. பெரிய அமர்வு முடிவு செய்யட்டும் என்று வழக்கைத் தலைமை நீதிபதியிடம் அனுப்பினார்கள்.

உலகமும் இதில் ஒரு முடிவுக்கு வரவில்லை. பிரான்சு 2004இல் அரசுப் பள்ளிகளில் பளிச்சென்று தெரியும் சமய அடையாளங்களைத் தடை செய்தது. முக்காடு, பெரிய சிலுவை, சீக்கியர் தலைப்பாகை எல்லாம் அதில் அடக்கம். ஆனால் அந்தச் சட்டம் பல்கலைக்கழகத்துக்குப் பொருந்தாது. வளர்ந்த மாணவர் தம் முடிவைத் தாமே எடுப்பார் என்று அந்நாடே ஒப்புக்கொள்கிறது!

இருதரப்பிலும் நியாயம் பேச இடமிருக்கிறது. வகுப்பில் எல்லாரும் ஒன்று என்ற எண்ணம் வர வேண்டும் என்று சீருடையை விரும்புகிறவரை நான் குறை சொல்லவில்லை. முக்காட்டை வீட்டார் கட்டாயத்தால் அணிகிற பெண்ணும் இருக்கலாம். அவளுக்கும் சுதந்திரம் வேண்டும். ஆனால் ஒன்று கவனித்தீர்களா? 1847இல் சென்னையில் தடுக்கப்பட்டது அரசின் கை. உடுப்பியில் நின்றது ஒரு மாணவியின் தலைத்துணி. இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா? அரசு மதம் பேசாமல் இருப்பது மாணவனின் சுதந்திரத்துக்காக ஏற்பட்ட விதி. அந்த விதியைக் காட்டியே மாணவியை வாசலில் நிறுத்தினால், குடையைக் கொடுத்து மழையில் நிற்கச் சொன்ன மாதிரி ஆகிவிடாதா? என் கருத்து இது. உங்களுக்கு மாறுபட்ட கருத்து இருக்கலாம். சங்கக் கூட்டத்தில் பேசுவோம்.

நம் கல்லூரிக்கு

இன்று படிக்கிற தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. வகுப்பில் எல்லாரும் ஒன்றைச் செய்யும்போது ஒருவர் மட்டும் ஒதுங்கி நின்றால் சிரிக்காதீர்கள். ஆசிரியரின் பயத்தைவிட நண்பர்களின் கேலி பொல்லாதது. நீங்கள் எந்தச் சமயமாக இருந்தாலும் சரி, சமயமே வேண்டாம் என்பவராக இருந்தாலும் சரி, இன்று பெரும்பான்மையாக இருப்பவர் நாளை வேறோர் ஊரில் வேலைக்குப் போய்ச் சிறுபான்மையாக உட்காருவீர்கள்.

ஆசிரியராக இருக்கும் நம் பழைய மாணவர்களுக்கு: எதையாவது 'விருப்பம்' என்று சொல்லும்போது, மறுத்தால் ஒன்றும் ஆகாது என்பது மாணவருக்குத் தெரியுமா என்று முதலில் யோசியுங்கள். தெரியாது என்றால் அது விருப்பம் இல்லை. பூஜையோ, ஜெபமோ, நோன்புக் கஞ்சியோ, மாணவர்கள் தாங்களாகச் சேர்ந்து கொண்டாடட்டும். நீங்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகைக்குப் போகிற பையனுக்கோ, நோன்பிருக்கும் பெண்ணுக்கோ, மாலை போட்டிருக்கும் மாணவனுக்கோ, பாடம் கெடாமல் சின்ன சௌகரியம் செய்து கொடுத்தால் அரசியல் சட்டம் ஒன்றும் இடிந்து விழாது.

அந்த மாணவியிடம் நான் மன்னிப்புக் கேட்டேனா என்று நீங்கள் கேட்கலாம். அவள் படிப்பு முடிந்து போகும் நாளில் கேட்டேன். "பரவாயில்ல சார்" என்றாள். மாணவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மறு வருஷம் முதல் எங்கள் துறையில் வசூலும் இல்லை, அழைப்பும் இல்லை. விரும்பிய மாணவர்கள் தாங்களே அறையை அலங்கரித்துப் பூஜை செய்தார்கள். சுண்டல் மட்டும் எல்லாருக்கும் வந்தது. வேண்டும் என்றவர்கள் சாப்பிட்டார்கள்.

இம்முறை சந்திப்புக்கு வருகிறவர்கள் ஒரு அரை நாள் ஒதுக்கி வையுங்கள். ரங்கநாதரைச் சேவித்துவிட்டு, திருநாதர்குன்றில் அந்த ஆசிரியரின் கல்லையும் பார்த்துவிட்டு வருவோம். வழி நான் காட்டுகிறேன். வர விருப்பமில்லாதவர்கள் கல்லூரி வேப்ப மரத்தடியில் அரட்டை அடிக்கலாம். யாரும் ஒன்றும் கேட்க மாட்டோம்!

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் சங்கம்!